மழை விடுமுறைக்கு மூன்று புத்தகம்: நூலக மேசையில் இருந்த ஐந்தில் எதை எடுப்பது?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பிள்ளைகள் விடிந்தும் விடியாமலும் எழுந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்தில் திருவாரூர் மாவட்டம் வருகிறதா என்று பார்க்கத்தான். வந்துவிட்டால் பள்ளிக்கூடம் லீவு. முதல் நாள் கும்மாளம், இரண்டாம் நாள் சண்டை. மூன்றாம் நாள் கரண்டும் போய், வாசலெல்லாம் சேறாகி, வாய்க்கால் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும்போது இரண்டு பேரையும் வீட்டுக்குள் வைத்து மேய்ப்பது பெரும்பாடு. அதனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும், மற்றவர்கள் மெழுகுவர்த்தியும் ரவையும் வாங்கி வைப்பதுபோல நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன்.

எங்களிடம் இருப்பது மூன்று உறுப்பினர் அட்டை: என்னுடையது, வீட்டுக்காரருடையது, மகளுடையது. அட்டைக்கு ஒன்று என்று மூன்று புத்தகம் கிடைக்கும். இரண்டு வாரத் தவணை. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் என் மாமியாரும் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. அவரை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், கடைசியில் முடிவை மாற்றியதே அவர்தான், அதுவும் நூலகத்துக்கு வராமலேயே.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு போனேன். (வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள், அன்றுதான் வார விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டு நான் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன்.) ‘புதிய வரவு’ என்று எழுதிய தட்டிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினோம். பளபளப்பான தாளில் இருமொழிப் படப் புத்தகம் ஒன்று, பின் அடித்த மெலிந்த கதைப் புத்தகம் ஒன்று, பரிசு பெற்ற சிறார் நாவல் ஒன்று, நிலவைப் பற்றிய அறிவியல் நூல் ஒன்று, நாட்டுப்புறக் கதைகளின் தடித்த தொகுப்பு ஒன்று. ஐந்தில் மூன்று.

அதற்கு முன், அந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய வரவு என்றால் நூலகத்துக்குப் புதிதாக வந்தது என்றுதான் அர்த்தம், அச்சில் புதியது என்று இல்லை. நூலகங்களுக்கான புத்தகங்கள் பெரும்பாலும் மொத்தமாகத் தேர்வாகி, வாங்கப்பட்டு, பதிவேட்டில் ஏறி, முத்திரை குத்தப்பட்டுத்தான் தட்டுக்கு வரும். அதற்குள் ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடுவது உண்டு. கதைப் புத்தகத்துக்கு இதனால் நஷ்டமில்லை. தகவல் புத்தகத்துக்கு உண்டு. அட்டையைத் திருப்பி ‘முதல் பதிப்பு’ வருஷத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு இரண்டு சோதனை போதும். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள் என்று இருந்தால் அது 2006-க்கு முந்தைய சரக்கு, அந்த வருஷம்தான் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கினார்கள். மயிலாடுதுறை நாகை மாவட்டத்தில் இருப்பதாகப் போட்டிருந்தால் 2020-க்கு முந்தையது.

முதலில் இருமொழிப் படப் புத்தகம். எல்லாருக்கும் கை போவது இதில்தான். ஓவியம் கண்ணைப் பறிக்கும், பக்கத்துக்கு இரண்டு வரி தமிழ், கீழே இரண்டு வரி ஆங்கிலம். சென்னையில் துலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் 1990-களில் தொடங்கிய பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நல்ல ஓவியத்தோடு புத்தகம் கிடைக்க ஆரம்பித்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டு நிலவரத்துக்கு இதில் இரண்டு சிக்கல். ஒன்று, இரண்டு மொழி ஒரே பக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் எழுத்து சிறுத்துவிடுகிறது. ஆங்கிலம் அந்த அளவில் படிக்க முடியும், தமிழில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். கண்ணாடி போட்ட அப்பாயிக்கும் கஷ்டம், எழுத்துக் கூட்டுகிற பையனுக்கும் கஷ்டம்.

இரண்டாவது சிக்கல் மழை. போன வருஷம் இதே மாதம் இப்படி ஒரு புத்தகத்தை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்து எடுத்து வந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றதில் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. அதே இடத்தில் இருந்த சாதாரணத் தாள் புத்தகம் அப்பளம் மாதிரி நெளிந்ததோடு சரி. பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் செருகி, மேலே அம்மிக்குழவியை வைத்து, இரண்டு நாளில் காய வைத்துவிட்டேன். பளபளப்புத் தாள் அப்படி இல்லை. அந்தப் பூச்சு நனைந்தால் பசை மாதிரி ஆகி, காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிரித்தால் யானையின் முகம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். புதுப் பிரதி வாங்கிக் கொடுத்துத்தான் கணக்கை முடித்தேன். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்து நடுவில் தாள் வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் பளபளப்புத் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. தை பிறக்கட்டும்.

இன்னொரு யோசனையும் உண்டு. படப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகள் ஒரு தடவை படிப்பதில்லை. பிடித்துவிட்டால் நாளுக்கு நாலு தடவை. என் மகன் ஒரு நண்டுக் கதையைப் பதினைந்து நாளும் கேட்டு, திருப்பிக் கொடுக்கும் நாளன்று புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டான். அப்படி ஒளித்து வைக்கும் புத்தகத்தைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் போன்றவர்களின் சின்னப் புத்தகங்கள் ஒரு மசால் தோசை விலைக்குள் வந்துவிடும், பெரிய செலவில்லை. எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் இரவல். ஒரு தடவை படித்தால் தீர்ந்தது என்கிற புத்தகத்துக்கோ நூலகமே போதும்.

அடுத்தது அந்த மெலிந்த கதைப் புத்தகம். பார்க்க நோஞ்சான். சாதாரணத் தாள், நடுவில் இரண்டு பின், பதினாறு பக்கம். பெரியவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். நான் இதைப் போன்றவற்றை எடைபோடுவது ஒரே ஒரு வழியில்: நடுப்பக்கத்தைத் திறந்து, மிக நீளமான சொல் எது என்று தேடுவேன். போன தடவை கொண்டுவந்த ஒரு கதையில் ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரு சொல். மகன் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். ‘பா... ர்... த்...’ என்று ஆரம்பித்து, ‘ண்’ வருவதற்குள் முதலில் என்ன படித்தோம் என்பது மறந்துபோய், திரும்ப ‘பா’விலிருந்து. பதினாலு எழுத்து. மூன்றாவது தடவை என்னை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, இவங்க பாக்கவே வேணாம்மா” என்றான். புத்தகம் மூடப்பட்டது. ‘பார்த்தார்கள்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கதை முடிந்திருக்கும்.

பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை நான் நம்புவதில்லை. ‘ஆறு முதல் எட்டு வயது’ என்றால் எந்த ஆறு வயது? வீட்டில் நாளிதழ் வரும் பிள்ளையா, வராத பிள்ளையா? அதைவிடப் படிநிலை உதவும். பிரதம் புத்தகங்களில் ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை போட்டிருக்கும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காகக் கொடுத்த சின்னப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. என் மகன் இப்போது ‘நுழை’யை முடித்து ‘நட’வில் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறான். அந்தப் புத்தகங்கள் பள்ளிக்கூடத்திலேயே கிடைப்பதால் அதே வகையை நூலக அட்டையில் எடுப்பது வீண் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு ஒப்புதல் இல்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகம் பள்ளிக்கூடத்து வாசனையோடுதான் வரும். மடியில் உட்கார்ந்து படிப்பதற்கு வேறு வேண்டும். மேசையில் இருந்த மெலிந்த புத்தகத்தில் மிக நீளமான சொல் ‘மண்வெட்டி’. எடுத்து வைத்தாயிற்று.

நாவலுக்கு வருவோம். சாகித்ய அகாதெமி 2010 முதல் ஆண்டுதோறும் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறார் இலக்கியப் பரிசைக் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் நூலகத்தில் நல்ல வழிகாட்டி, ஏனென்றால் பெயர் சொல்லிக் கேட்டால் நூலகர் தேடி எடுத்துவிடுவார். 2023-இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2024-இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. யூமா வாசுகி நம் பட்டுக்கோட்டைக்காரர் என்பதால் எனக்கு அவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2020-இல் பரிசு பெற்ற எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ தனி ரகம். குழந்தைகள் மீதான தவறான தொடுதலைப் பேசும் கதை. அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது. முதல் நாள் ராத்திரி அம்மாவோ அப்பாவோ படித்துவிட்டு, மறுநாள் பக்கத்தில் உட்கார வேண்டும். கூட்டம் நிறைந்த மழை வீட்டில் அதற்குத் தனிமை கிடைக்காது, கோடை விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

மேசையில் இருந்தது ‘ஆதனின் பொம்மை’. கீழடியை வைத்து எழுதிய நாவல். அலமாரியில் ‘தன்வியின் பிறந்தநாள்’ சிறுகதைத் தொகுப்பும் இருந்தது. நாவலா, சிறுகதையா? கரண்ட் இல்லாத சாயங்காலத்துக்குச் சிறுகதைதான் வசதி. மெழுகுவர்த்தி ஒரு விரற்கடை கரைவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும், அடுத்ததை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாவலில் பாதியில் தவணைத் தேதி வந்துவிட்டால் வாசகருக்கும் வருத்தம், வீட்டுக்கும் அழுகை. என் மகள் ஒரு மூச்சில் இருபது பக்கம் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரத்துக்கு உள்ளேயே முடியும். அதோடு, அவள் நாவலை இரண்டாம் தடவை தொட மாட்டாள். ஒரு தடவை, அதுவும் முழுதாக, சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காத அளவுக்கு. இரவல் எடுக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. உங்கள் பிள்ளை பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராத ரகமாக இருந்தால் தயங்காமல் சிறுகதைக்குப் போங்கள்.

நிலவுப் புத்தகத்தைப் பார்த்ததும் மகள் துள்ளினாள். படங்களும் நன்றாக இருந்தன. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினால் 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலம் நிலவில் மோதியதோடு புத்தகம் நின்றுவிட்டது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 தென்துருவத்துக்கு அருகே இறங்கியபோது இவள் பள்ளிக்கூடத்தில் நேரலை பார்த்தவள். “இதுல முடிவே இல்லம்மா” என்றாள். தப்பான புத்தகம் என்று சொல்ல முடியாது, நிலவின் கலைகளும் கடல் ஓதமும் மாறிவிடவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட தகவல் நூலுக்கு ஓர் இடத்தைக் கொடுப்பதில்லை என்பது என் கணக்கு. அதை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை, பிடித்த நாலு பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். வாசிப்பு அறை பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வேண்டியதைப் படித்துவிட்டு, ஓதம் ஏன் வருகிறது என்று எனக்கே பாடம் நடத்தினாள். சித்திரக்கதை, சிறுவர் மாத இதழ் எல்லாமும் இப்படித்தான். அங்கேயே முடிவதை அங்கேயே முடித்துவிட்டால் அட்டை மிச்சம்.

அப்போ படப் புத்தகத்தை ஃபோனில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பதிவிறக்கி அச்சடிக்கவும் உரிமை உண்டு. நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் தேர்வு செய்வதற்கு மட்டும். பையன் கையில் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் விரல் வேறெங்கோ தாவி, நாலாம் நிமிஷம் ஏதோ ஒரு பூனை நடனமாடிக்கொண்டிருக்கும். அதோடு நம் பக்கத்து மழையில் முதலில் போவது கரண்ட், அடுத்தது சிக்னல், மூன்றாவது சார்ஜ்.

மிச்சம் இருந்தது அந்தத் தடித்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. எனக்கு இந்த வகை மேல் ஒரு பழைய கோபம். அட்டையில் தங்க எழுத்து, உள்ளே எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மங்கலான படம், ஒவ்வொரு கதைக்கு அடியிலும் பெட்டி போட்டு ‘நீதி’. என் மகள் அந்தப் பெட்டியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் படிப்பாள். அதைப் பார்த்தால் கதை கெட்டுவிடுமாம். மொழியும் ‘ஓர் ஊரில் ஒரு குடியானவன் வாழ்ந்து வந்தான்’ என்று இஸ்திரி போட்ட மாதிரி. தெனாலிராமன், மரியாதைராமன் கதையெல்லாம் வீட்டில் அப்பாயிக்கே தெரியுமே, அதற்கு எதற்கு ஓர் அட்டை? ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்றாவது இடத்துக்குச் சிறுகதைத் தொகுப்பையே எடுத்துவிடலாம் என்று எழுந்தேன்.

மகள் அந்தத் தடிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். “அம்மா, எழுத்து பெருசா இருக்கு பாரு. அப்பாயி கண்ணாடி இல்லாமயே படிக்கும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு முன்பு நூறு கதை தெரியும். இப்போது பாதிக் கதையில் நிறுத்தி, “அப்புறம் அந்தக் கழுதைய என்னடி பண்ணினான்?” என்று பேத்தியிடமே கேட்கிறார். ராத்திரியில் கதை சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டதுகூட அதனால்தான். மறந்துபோகிறது என்று சொல்ல அவருக்குக் கூச்சம், தூக்கம் வருகிறது என்பார். மத்தியானம் ஒரு கதையைப் படித்து வைத்துக்கொண்டால் ராத்திரி தன் பேச்சில் சொல்லிவிடுவார். குடியானவன் பண்ணையாளாகிவிடுவான், காடு கொல்லையாகிவிடும், பெட்டிக்குள் இருக்கும் நீதி காணாமல் போய்விடும். நான் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு வயது கணக்கிலேயே வரவில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலக அறிவியலுக்கு எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’. அந்த விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. அதே வருஷம்தான் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. வண்டியில் புத்தகம் ஏற்றியவர்களுக்கும் இதே இழுபறி இருந்திருக்கும், அவர்களுக்கு வண்டி கொள்ளும் அளவு, எனக்கு அட்டை மூன்று.

ஆக, நோஞ்சான் புத்தகம் மகனுக்கு, நாவல் மகளுக்கு, தடிப் புத்தகம் அத்தைக்கு. நிலவைப் பெஞ்சிலேயே படித்தாயிற்று, இருமொழிப் புத்தகம் தைக்கு. நூலகர் மூன்றிலும் தவணைத் தேதியைக் குத்திவிட்டு, தடிப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார். “இதை ரெண்டு மாசமா யாரும் தொடலம்மா.” ‘தன்வியின் பிறந்தநாள்’ திரும்ப வரும்போது இருக்குமா என்று கேட்டதற்கு, வேறு யாரும் கேட்காவிட்டால் எடுத்து வைக்கிறேன் என்றார்.

வெளியே தூற்றல் ஆரம்பித்திருந்தது. உரச்சாக்கின் உள்பையைக் கழுவிக் காய வைத்து இதற்கென்றே சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூன்றையும் அதில் போட்டு, வாயை இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டி மகள் மடியில் வைத்தேன். ரயில்வே கேட் வழியாகப் போகவில்லை, சுற்றுவழியில் போனோம்.